சம்பந்தியின் குறட்டையும் என் குறட்டையும்

செல்ல மகள் அனுபமாவுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமனாரும் ரங்கன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம் என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் நடந்தது வேறு. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், சம்பந்தி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன மாதம் பெருமையாகச் சொன்னாயே, மாமாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து டாக்டர் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பினேன், இப்போது மூக்கில் காற்று ஊதுகிற மெஷின் மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார் என்று. ரொம்ப நல்லது அம்மா என்றேன். உள்ளே வயிறு எரிந்தது. எனக்கும்தான் பிரஷர், எனக்கும்தான் பேப்பர் படிக்கும்போதே கண் சொருகுகிறது. அவருக்கு வந்தால் வியாதி, எனக்கு வந்தால் வயசா? அந்த ரோஷத்தில் தில்லை நகர் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பெண் சட்டைக்கு அளவெடுப்பது போலக் கழுத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள், கழுத்து தடித்தால் தூக்கத்தில் மூச்சு அடைக்குமாம். பிறகு அதே மாதிரி கேள்வித்தாள். தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. தெரியாது என்று எழுதினால், வீட்டில் யாரும் இல்லையா சார் என்று கேட்பாள். உன் அம்மா போன பிறகு என் மூச்சை யார் பார்க்கிறார்கள்? வறட்டுக் கௌரவத்தில் இல்லை என்று டிக் அடித்தேன், குறட்டைக் கேள்விக்கும் அதே பதில்தான். மார்க் குறைந்துபோனது. இப்ப டெஸ்ட் வேண்டாம் சார், எடையக் குறைங்க, அப்புறம் பாக்கலாம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

மறுவாரமே காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே கண் அசந்து, நடைபாதையில் இடித்து விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான், பதறாதே. ஆனால் பின்னால் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதால் பிழைத்தேன். சேதி கேட்டு பாலக்கரையிலிருந்து பிலோமின்ராஜ் ஓடி வந்தான், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்த்தவன். அன்று இங்கேயே படுத்தான். விடிந்ததும், யோவ் ரெங்கா, மூச்ச நிறுத்தி நிறுத்தி விடுற, உன்ன உலுக்கி உலுக்கியே நான் கண்ண மூடல என்று திட்டினான். கையோடு என்னை டாக்டரிடம் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஸ்கூட்டர் சாவியும் இப்போது அவனிடம்தான். தை பிறந்ததும் ராத்திரி முழுக்கத் தங்கிச் செய்கிற டெஸ்ட் வைத்திருக்கிறார்கள், கூட ஒருவர் இருக்க வேண்டுமாம். பிலோமின்ராஜ் வருவதாகச் சொல்கிறான், நான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குத் தையில் எல்லோரும் வருகிறீர்கள். தங்குவதும் அவர்கள் வீட்டில்தான், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு ராத்திரி போதும். பொறாமை பிடித்த கிழவன் என்று நினைத்தாலும் சரி, நீதான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ்க. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சம்பந்தியின் மெஷினை ஞாபகமாகப் பெட்டியில் எடுத்து வை. அதை விட்டுவிட்டு வந்தால் அந்த ராத்திரியும் நீ அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய்.

உன் அப்பா,
ரெங்கநாதன்