புகைப்படம் செய்தோம்

விட்பி,
3 பிப்ரவரி 1974

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

இத்தனை வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய். நீ கடல் தாண்டிப் போய் ஒரு டச்சுக்காரனைக் கட்டிக்கொண்டது எனக்கு அப்போது பொறுக்கவில்லை. இப்போது கோபம் போன இடம் தெரியவில்லை. நீதான் இல்லை. உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறேன். நாலு வரி எழுது.

உன் அம்மா,
டோரீன்

ஹார்லிங்கன்,
20 பிப்ரவரி

அன்புள்ள அம்மா,

மணிக்கட்டில் வலி, அதனால் தட்டச்சில் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இங்கே கால்வாய் உறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கரையோரம் நடை செய்தோம். பாலத்தில் நின்று ஒரு புகைப்படம் செய்தோம். யோரிஸ் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
ஹெஸ்டர்

விட்பி,
1 மார்ச்

ஹெஸ்டர் கண்ணு,

கிண்டல் பண்ணாமல் விட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவளா இப்படி எழுதுகிறாய்? ‘செய்’ என்கிற ‘மேக்’ எதோடு சேரும், எதோடு சேராது என்று என்னையே உட்காரவைத்துப் பாடம் நடத்தியவள் நீ. தேநீர், படுக்கை, தவறு, சமாதானம் இதெல்லாம் ‘மேக்’. புகைப்படத்துக்கும் நடைக்கும் ‘டேக்’ என்பாய். ஏன் அப்படி என்று கேட்டால், “காரணமெல்லாம் கேக்காதம்மா. ஒண்ணாவே பொறந்த ஜோடி அது. பிரிச்சா வாய் கூசும்” என்பாய்.

உன் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். வாய் கூசியது. அந்த ஊர் மொழி உன்னை அவ்வளவு தூரம் விழுங்கிவிட்டதா?

அம்மா

ஹார்லிங்கன்,
12 மார்ச்

அன்புள்ள அம்மா,

படித்துவிட்டுச் சிரித்தேன். நீ சொன்னதுதான் சரி, நடை போனோம், புகைப்படம் எடுத்தோம். இவர்கள் மொழியில் இரண்டுக்கும் ‘செய்’தான். அது என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மற்றபடி சுகமாக இருக்கிறேன். என்னைப் பற்றி நீ கவலை செய்யாதே.

ஹெஸ்டர்

விட்பி,
19 மார்ச்

யாருக்கு என்று போட்டு எழுதுவது?

கடிதம் வந்த அன்று பக்கத்து வீட்டு மேபல், “மக என்ன எழுதியிருக்கா?” என்றாள். நல்லா இருக்காளாம் என்றேன். அதைச் சொல்லும்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

என் மகள் தூக்கத்தில்கூடக் கவலையைச் ‘செய்ய’ மாட்டாள். நீங்கள் யோரிஸ்தானே? அவள் எங்கே?

டோரீன் ஹார்க்கர்

ஹார்லிங்கன்,
28 மார்ச்

திருமதி ஹார்க்கர் அவர்களுக்கு,

ஹெஸ்டர் ஜனவரிக் கடைசியில் இறந்துவிட்டாள். மூளைக்குள் இரத்தம் கசிந்தது. மருத்துவர்களால் காப்பாற்ற முடியவில்லை. அவளை ஒதுக்கிவைத்தவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்ற கோபத்தில் உங்களுக்குத் தந்தி அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கண் திறந்து, “அம்மாகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டாள். வந்துடும் என்றேன். அடக்கம் முடிந்த பிறகு வந்தது.

படிக்க அவள் இல்லை என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். விரல் ஓடவில்லை. அவள் பெயரில் எழுதினால் ஓடியது. அப்போதெல்லாம் அவள் பக்கத்து நாற்காலியில் இருப்பது போலவே இருக்கும். தவறுகளை மட்டும் அவள் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

யோரிஸ்

விட்பி,
6 ஏப்ரல்

யோரிஸ்,

உன் முதல் கடிதத்திலேயே எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. வேண்டுமென்றேதான் கிண்டல் பண்ணினேன். ஹெஸ்டராக இருந்தால் ரோஷப்பட்டு நாலு பக்கம் சண்டை பிடித்திருப்பாள். சிரித்தேன் என்று பதில் வந்ததும் எழுதியது அவள் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியும் அவள் பெயரில் இன்னொரு தபால் வராதா என்று காத்திருந்தேன். அது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஹல் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை ராட்டர்டாமுக்கு வந்துவிடுவேன். உன் முகம் எனக்குத் தெரியாது, நீதான் என்னைத் தேடிக் கூப்பிட வேண்டும். அவளிடம் அழைத்துப் போ.

கல் வைத்துவிட்டாயா? ஆங்கிலத்தில் வெட்டுவதாக இருந்தால் நான் வரும்வரை பொறு. அதில் ஒரு சொல் தப்பாக இருந்தாலும் அவளால் நிம்மதியாகப் படுத்திருக்க முடியாது.

டோரீன்