உதிர்ந்த பெயர்களை வாசித்தவனுக்கு

இன்று காலை நம் கணினிக் கடையைத் திறந்ததும் எலுமிச்சை மணம் வந்தது. உன் நாற்காலியில் தொங்கும் பை. புளியங்குடிச் சந்தைக்குப் போனால் அதில்தான் அள்ளி வருவாய். நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதை எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

நீ தொகுத்த இரத்ததானப் பட்டியலிலிருந்து உன் பெயரை நீக்கும் வேலையையும் இப்படியே தள்ளிப்போட்டு வந்தேன். இன்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மதியம்தான் நினைவுக்கு வந்தது. அரசு மருத்துவமனையில் பிரசவமான பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் உடனே வேண்டும் என்றார்கள். அந்த வகைக்காரர்களில் உள்ளூர்வாசிகளைப் பிரிக்க, முகவரியில் நம் ஊர்ப் பெயர் ‘சங்கரன்கோவில்’ இருந்தால் பிடிக்கும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பைத்தான் நிரலில் எழுதினேன். கோவில், கோயில் என எப்படி எழுதியிருந்தாலும் அது விடாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரையில் ஆறு பெயர்கள் வந்தன. அழைத்தால் ஒருவர் திருப்பூரில், மற்றவர்கள் சென்னையில். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது பெயர் கொடுத்துப் போனவர்கள்.

“ஏலே, தள்ளி உக்காரு” என்றாய். என் நிபந்தனையின் முன்னால் ‘not’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து அதை அப்படியே தலைகீழாக்கினாய். பொருந்தாமல் உதிர்ந்த பெயர்கள் திரையில் வந்தன. விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாய். தெற்கு ரத வீதி. திருவேங்கடம் சாலை. முகவரி எல்லாம் வெறும் தெருப் பெயர்கள்.

“ஊர்ல இருக்கவன் ஊர்ப் பேர எதுக்குலே எழுதப்போறான்? வெளியூர் போனவன்தான் எழுதுவான்.”

தெற்கு ரத வீதிக்காரர் கால் மணி நேரத்தில் மருத்துவமனையில் நின்றார். அந்தப் பெண் பிழைத்தாள். நீ என்னைக் கேலிகூடச் செய்யவில்லை, ஒரு டீ வாங்கித் தரச் சொன்னாய்.

உன்னைவிட வேகமாக நிரல் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்டுப்போனவர்களைப் பற்றி உன்னளவு கவலைப்பட்ட ஒருவரைப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எதை வடிகட்டினாலும், உதிர்ந்தவற்றை ஒருமுறை வாசிக்காமல் நான் சேமிப்பதில்லை.

இன்றும் அப்படித்தான். உன் கைப்பேசி எண் உள்ள வரியை மட்டும் விலக்கும்படி எழுதிவிட்டு, திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உதிர்ந்தது ஒரே வரி. வாய்விட்டு வாசித்தேன். உன் பெயர், ஓ பாசிட்டிவ், கீழ ரத வீதி.

ஊர்ப் பெயரை நீ எழுதவே இல்லை, மாப்ள.