கேக்கில் எழுதிய பத்து

ஸ்ஃபாக்ஸ் நகரில் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் அக்காவுக்கு,

நேற்று துனிஸ் டென்னிஸ் இறுதியாட்டத்தில் உன் மகள் மைசூன் என்னைத் தோற்கடித்துவிட்டாள். பத்திரிகையில் படித்திருப்பாய். ஆனாலும் என் வாயால் கேள்.

உனக்கு ஒன்பது பட்டம், எனக்கும் ஒன்பது. பத்தாவது எனக்குத்தான் என்று ஊரே நம்பியது. "பத்து" என்று எழுதிய கேக்கைக்கூட கிளப்பில் வாங்கி வைத்துவிட்டார்கள். தகுதிச் சுற்றில் தட்டுத்தடுமாறி வந்த பெண்ணை யார் மதித்தார்கள்?

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் மைசூனுக்கு வெற்றி என்ற நிலையில் அவள் அடித்த பந்து என் கோட்டோரம் விழுந்தது. நடுவர் நாற்காலியில் இருந்தபடியே 'வெளியே' என்றார். செம்மண்ணில் பந்தின் தடம் கோட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. இறங்கி வந்து பாருங்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீம்பு யாருடையது என்று உனக்குத் தெரியும்.

நான் போய் அந்தத் தடத்தைக் காலால் தேய்த்து அழித்தேன். பந்து சரி என்று எதிராளியே ஒப்புக்கொள்ளும் நம் வழக்கம்தான். அரங்கமே எழுந்து நின்றது. ஒன்பது கோப்பைக்கும் அப்படி நின்றதில்லை.

வலையருகே மைசூன், "பேசாம இருந்திருக்கலாமே சித்தி" என்றாள்.

"இருந்திருந்தா உங்கம்மா சாகுற வரைக்கும் பேச மாட்டா."

வாசல் காபிக்கடையில், "கிழவிக்குக் கண்ணு போச்சு" என்கிறார்கள். சொல்லட்டும். அந்தப் பத்தை நானும் உன் மகளும் பிய்த்துத் தின்றோம்.

"நீ பத்தாவது எடுத்தா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். எடுக்கவில்லை. பேச்சு மாறாமல் கிளம்பி வா.

உன்னோடு ஒன்பதில் நிற்பவள்