அப்பா இருக்கிறார்

ஜூன் 2
எங்கள் குடும்ப வரலாற்றில் இன்று ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. கூடத்து சோபாவை ஜன்னலோரம் நகர்த்துவதென்று. அப்பா இரண்டு இடத்திலும் உட்கார்ந்து பார்த்தார். அம்மாவின் கருத்தைக் கேட்டார். அதை நிராகரித்தார். சோபா நகர்ந்தது.
அந்த நல்ல வேளையில் என் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தை நீட்டினேன். பெற்றோர் வருமானத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.
"என் வருமானம் உங்கம்மாவுக்கே தெரியாது. ஊரான் கேட்டா சொல்லிடுவேனா?"
"அப்ப ஃபீஸ் நீங்க கட்டுறீங்களாப்பா?"
"பதினெட்டு வயசாச்சு. சொந்தக் கால்ல நில்லு."
சோபாவில் சாய்ந்தபடி சொன்னார்.

ஜூன் 5
அம்மா: "அவர் நல்ல மூட்ல இருக்கும்போது கேளுடி."
அந்த நாளுக்காக அம்மா கல்யாணமானதிலிருந்து காத்திருக்கிறாள்.

ஜூன் 9
கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் இரக்கமுள்ளவர்.
"அப்பா இருக்காராம்மா?"
"இருக்கார்."
"அம்மா?"
"இருக்காங்க."
"அதான் பிரச்சனை."
பெற்றோர் இல்லாதவர்களுக்கு வழி சுலபமாம். இருந்தும் உதவி கிடைக்காதவர்களுக்கும் ஒன்று உண்டு: நான் தனியாக வாழ வேண்டும், சம்பளச் சீட்டு காட்ட வேண்டும். பிறகு அப்பாவை ஃபோனில் அழைத்து, பணம் தருகிறீர்களா இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.
உண்மையைச் சொன்னால் போதும். பொய்யே தெரியாது என்று சொல்லிக்கொள்பவர் அப்பா.

ஜூன் 14
சலவைக்கடையில் மாலை ஷிஃப்ட் கிடைத்தது. தங்கல் கடையின் மாடியறையில்; நான்கு கட்டில். என்னுடையது கதவோரம்; யார் உள்ளே வந்தாலும் கதவு முதலில் என் காலை விசாரிக்கும்.
கிளம்பும்போது அப்பா சொன்னது: "அந்தப் போர்வை நம்ம வீட்டுது."
வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 20
அப்பாவின் குளியலறைச் சாமான் கடைக்குப் போனேன்.
"ஃபோன் வரும்பா. தரலைன்னு சொன்னா போதும்."
"இருக்கிறதைச் சொல்ல எனக்கென்ன பயம்?"
ஒப்புக்கொண்ட மாதிரிதான். இல்லையா? மாதிரிதான்.

ஜூலை 1
விண்ணப்பம் தள்ளுபடி. கண்ணாடிக்குப் பின்னால் அதே அம்மாள்.
"மொத்தப் படிப்புக்கும் நானே கட்டுறேன்னு சொல்லிட்டாரேம்மா. எவ்வளவு பெருமையாப் பேசினார் தெரியுமா? கொடுத்து வச்ச பொண்ணு நீ."
"அவர் சொன்னது பொய்ங்க."
"அப்ப அப்படின்னு அவரையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லு."
அம்மாவை ஃபோனில் அழைத்தேன். பக்கத்தில் சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
"கடையில அவர் சிநேகிதங்க உக்காந்திருந்தாங்கடி. ஸ்பீக்கர்ல வேற போட்டிருந்தார். வேற என்ன சொல்லுவார்? உன்னால அவருக்குத் தலைகுனிவு வரணுமா?"
வரட்டுமேம்மா. ஒரே ஒரு தடவை குனிஞ்சா என்ன — கழுத்து சுளுக்கிக்குமா? நான் என்ன அவர் கிட்னியவா கேட்டேன்? இல்லைங்கிற ஒரு வார்த்தை. வீட்ல தினமும் சொல்றதுதானே அது —
இதெல்லாம் இங்கே எழுதியது. அவளிடம் "சரிம்மா" என்றுதான் சொன்னேன்.

ஜூலை 6
அந்தச் சிநேகிதர்களில் ஒருவர் சட்டைகளை வெளுக்கப் போட வந்தார்.
"உங்கப்பா மாதிரி யாரும்மா செய்வா? பொண்ணு படிப்புக்கு அள்ளிக் கொட்டுறார். நீ ஏன் இங்க?"
"அனுபவத்துக்கு, அங்கிள்."
"அப்படித்தான் வளக்கணும்," என்றார். கஞ்சி கொஞ்சமாகப் போடச் சொன்னார்.

ஜூலை 15
கட்டணம் கட்டக் கடைசி நாள்.

ஜூலை 18
கல்லூரியில் என் இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போய்விட்டது. கடையில் பகல் ஷிஃப்டும் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து.