மகளுக்குக் காரில் சத்தி

2007 ஆவணி, ஞாயிறு இரவு
வெள்ளவத்தை

பின்னேரம் பிறிஸ்பேனிலிருந்து தம்பி கோல் எடுத்தான்.

"அக்கா, லீவுக்கு இஞ்ச வாங்கோ. தீம் பார்க் எல்லாம் கிட்டத்தான். எனக்கு வேலை, ஆனா என்ர காரைத் தாறன். அத்தான் ஓடட்டும்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இவர் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார். காலி வீதியில் கண்ணெதிரே குண்டு வெடித்த நாளிலிருந்து இவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. தம்பிக்குத் தெரியாது. போனில் அதையெல்லாம் கதைப்பதில்லை. ஹொங்கொங்கில் பார்க் வாசல் வரை ரயில் போகிறதாம், அங்கேயே போவோம் என்று நாங்கள் முடிவெடுத்திருந்தோம். ஆனால் சொந்தத் தம்பி கூப்பிடும்போது என்ன காரணம் சொல்வது? 

மகள்தான் ஓடிவந்து போனுக்குள் கத்தினாள். "மாமா, எனக்குக் காரில தலை சுத்திச் சத்தி வரும். ரயில் போற இடமெண்டால்தான் நான் வருவன். ஹொங்கொங்குக்குப் போறம்!"

தம்பி சிரித்துவிட்டான். "சரியடி, போயிட்டு வா."

பத்து வயது. ஒரு நாளும் அவள் காரில் சத்தி எடுத்ததில்லை. இவர் கார் ஓடிய காலத்தில் முன் சீட்டுக்கு என்னோடு சண்டை பிடித்தவள். யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை.

நாளைக்கு டிக்கெட் போட மூன்று பேரும் டக்சியில் கோட்டைக்குப் போகிறோம். சற்றுமுன் ஹாண்ட்பாக்கைத் திறந்தால் உள்ளே புளிப்பு மணத்தோடு ஒரு தேசிக்காய்.

"பிள்ளை மணந்துகொண்டு வரட்டும். சத்தி வருமெல்லே," என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

கடவுளே, இந்த இரண்டு பேரையும் எனக்குத் தந்தாயே. தேசிக்காயை எடுக்காமல் பாக்கை மூடிவிட்டேன்.