மூன்றாவது வரி

அன்புள்ள ரத்தக்காட்டேரிக்கு,

நானும் நம் மகள் வாலுவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன நான்கு 'ம்'களை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் நாளெல்லாம் நின்றபடி ஊரார் ரத்தத்தை உறிஞ்சிவிட்டு வருகிறவளுக்குப் பேசத் தெம்பிருக்காது என்று புத்திக்குப் புரிகிறது. மனசுக்குப் புரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே செய்யும் முழு நேர வேலை. ஏதோ பகுதி நேரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று நினைத்துவிடாதே.

இரண்டு வருஷத்துக்கு முன் விமான நிலையத்தில், 'ஆறு மாசத்துல ரெண்டு பேரும் வந்துடுவீங்கல்ல?' என்று நீ கேட்டாய். கையோடு எடுத்து வருகிற மாதிரி ஒரு வேலை கிடைத்ததும் வருகிறேன், உன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட வரமாட்டேன் என்று நான் வீராப்பாகச் சொன்னேன். அந்த வீராப்பு எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது பார். உனக்குக் கோபம் இருந்தால் நியாயம்தான்.

தேடிய கதையைச் சொன்னால் நீ சிரிப்பாய். முதல் ஐந்து மாதம் ஒரே விண்ணப்பத்தை அறுபது இடத்துக்கு அனுப்பினேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'உலகின் எந்த மூலையிலிருந்தும் பணிபுரியலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். விழுந்தடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு, அடியில் எறும்பு எழுத்தில் 'இந்த நாட்டில் வசிப்பவர்கள் மட்டும்' என்று இருக்கும். நாலைந்து முறை இப்படி மூக்கு உடைபட்டதும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. இப்போது நான் எந்தத் தாளையும் கீழிருந்து மேலாகத்தான் படிக்கிறேன். மளிகைக் கடை ரசீதைக்கூட.

இந்த வேலை கிடைத்தது நம் பழைய பம்பு தொழிற்சாலையின் புண்ணியத்தில். பல் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக்கொடுக்க ஒரு மென்பொருள் செய்கிற கம்பெனி இது. அதில் கோளாறு என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதவேண்டும். பரீட்சையாக, ஒரு வரவேற்பாளர் கொதித்துப்போய் எழுதிய கடிதத்தைக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் உதிரிபாகப் பிரிவில் உட்கார்ந்து, தப்பான வாஷர் போய்ச்சேர்ந்தவனுடைய வசவுக் கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டவன் நான். என்ன நடந்தது, இப்போது என்ன செய்யவேண்டும், நான் மறுபடி எப்போது பார்ப்பேன் என்று ஆறே வரியில் எழுதினேன். மறுநாளே எடுத்துக்கொண்டார்கள்.

துணி உலர்த்தும் சின்ன அறைதான் என் அலுவலகம். முதல் வீடியோ கூட்டத்திலேயே மானம் போயிற்று. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பின்பக்கம் கிழிந்த பழைய டவுசர். எனக்குப் பின்னால் பீரோக் கண்ணாடி இருப்பதை மறந்துபோனேன். நான் எழுந்ததும், குழுவில் இருக்கிற ஆறு நாட்டு ஆட்களும் என் முழு உருவத்தைத் தரிசித்தார்கள். வாலு இப்போது கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டிவிட்டாள். கீழ்வீட்டுத் தையற்காரரிடமும் பேசிவிட்டேன். என் கூட்ட நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு பட்டன் தைக்கிறார். 'உங்க மீட்டிங் வந்தப்புறம்தான் என் பட்டன் பாக்கியெல்லாம் தீருது' என்கிறார்.

அங்கிருந்து இதே வேலையைச் செய்யலாமா என்று நீ கேட்பாய். இன்னும் கேட்கவில்லை. முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். வந்து உட்காருவதற்குள் அதைக் கேட்டால் நன்றாக இருக்காது. கொஞ்சம் காலூன்றிக்கொள்கிறேன், பிறகு கேட்கிறேன். நீ கொஞ்சம் பொறு.

வேளைக்குச் சாப்பிடு. கழுத்துவலியை அலட்சியம் செய்யாதே.

உன்,
வீட்டுக்காரன்


அன்புள்ள உனக்கு,

என் நான்கு பக்கக் கடிதத்துக்குப் போனில் 'சந்தோஷம்' என்று ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொன்னாய். இன்னொன்றையும் கவனித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் 'எப்போ வர்றீங்க?' என்று கேட்பவள், ஐந்து வாரமாகக் கேட்கவில்லை. முன்பெல்லாம் அந்தக் கேள்வி வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது கேள்வி வராத போனை வைத்துவிட்டு, குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் அலைகிறேன். வாலு, 'ஒரு இடத்துல உக்காருப்பா, எனக்குத் தலை சுத்துது' என்கிறாள்.

இதற்கு நடுவில் வேலை போக இருந்தது. தப்பித்தேன். என்னவென்று சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். காலையில் கணினியைத் திறந்ததும், எல்லாரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் ஒவ்வொருவரும் மூன்று வரி எழுதவேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு எது தடையாக இருக்கிறது. முதல் நாளிலிருந்து நான் மூன்றாவது வரியில் 'தடை: ஒன்றுமில்லை' என்றே எழுதி வந்தேன். உண்மையிலேயே ஒன்றுமில்லாத நாளிலும் அதுதான், கழுத்துவரை மூழ்கிய நாளிலும் அதுதான். முதலாளி எதிரில் வந்தால் 'ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்' என்று சொல்லியே பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன் வேறு எப்படி எழுதுவான்?

வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கிற நாடுகள் உண்டல்லவா, உன் ஊர் மாதிரி. அப்படித் தள்ளிவைத்த அன்று, ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியில் குறித்திருந்த நேரமெல்லாம் ஒரு மணி நேரம் பிசகிவிட்டது. கடிதம் என்னிடம் வந்தது. எனக்குக் காரணம் பிடிபடவில்லை. கேட்டால், இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களே. மூன்று நாள் வாயைத் திறக்காமல், நானூறு நோயாளிகளின் நேரத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினேன். காலையில் பொதுப் பக்கத்தில், 'தடை: ஒன்றுமில்லை.'

மூன்றாம் நாள் சாயங்காலம், வேறொரு நாட்டில் இருக்கிற எங்கள் பொறியாளர் கோளாறின் வேரையே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார். மொத்தமும் தானாக ஒரு மணி நேரம் நகர்ந்தது. நான் கையால் நகர்த்தி வைத்திருந்த நானூறும் சேர்ந்து நகர்ந்தது. மறுநாள் காலை, வீங்கின கன்னத்தோடு ஜனங்கள் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

எங்கள் குழுத் தலைவி என்னை விட இளையவள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பொதுப் பக்கத்தைத் திறந்து, மூன்று நாளும் நான் எழுதிய மூன்றாவது வரியை நிதானமாக வாசித்துக் காட்டினாள். ஒரே அலுவலகத்தில் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பேன், இங்கே நீங்கள் எழுதுவதுதான் உங்கள் முகம் என்றாள். தூரத்தில் இருப்பவரிடம் கஷ்டத்தை மறைத்தால் அது உழைப்பு ஆகாது, வேலைக்கு வராததற்குச் சமம் என்றாள். பிறகு, அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்ததை நடந்தபடி நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள். எழுதினேன். ஒரு சொல்லும் மழுப்பவில்லை. அவர்கள் இரண்டு நாள் திட்டிவிட்டு மன்னித்தார்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டாய். 'நல்லா இருக்கோம், ஒண்ணுமில்ல' என்று நான் சொன்னேன். வேலை நிலைக்குமா என்று தெரியாமல் அரை உயிராக இருந்த நேரம் அது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, உனக்கும் நான் இரண்டு வருஷமாக அதே வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சரியாகிவிட்டது, கவலைப்படாதே. இனி போனில் 'ம்' சொல்வதற்குப் பதில் நாலு வரி எழுதக்கூடாதா?

உன்,
வீட்டுக்காரன்


அன்புள்ள உனக்கு,

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வேலை அதிகம் என்று போனையும் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டாய். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை நாலு முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். இனிமேல் கிழிக்கப்போவதில்லை.

வாலு என்னைப் பார்த்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவளும் மூன்று வரி எழுத ஆரம்பித்திருக்கிறாள். வழக்கமாக 'தடை: வாய்ப்பாடு' என்றோ, 'தடை: அப்பாவுக்குப் பின்னல் போடத் தெரியலை' என்றோ இருக்கும். நேற்றுக் காலை பார்த்தால், 'தடை: அப்பா.' அவ்வளவுதான். பள்ளிச் சுற்றுலாத் தாளில் நான் கையெழுத்துப் போட மறந்ததற்காக எழுதியிருக்கிறாள். உடனே போட்டுக்கொடுத்தேன். அவள் அழித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான்தான் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி நின்றேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

உடனே தலைவிக்கு எழுதினேன். என் மனைவி வேறு நாட்டில் இருக்கிறாள், மகளோடு அங்கே போய் இதே வேலையைத் தொடரலாமா என்று நாட்டின் பெயரோடு கேட்டேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. தாராளமாக, அந்த நாடு நம் பட்டியலில் இருக்கிறது, தினமும் நான்கு மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து இருந்தால் போதும். கூடவே ஒரு கேள்வி. இது நாங்கள் முதல் நாள் அனுப்பிய பணி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறதே, நீங்கள் பார்க்கவில்லையா?

அவளுக்கு என்னவோ சொல்லிச் சமாளித்தேன். உன்னிடம் சமாளிக்கப்போவதில்லை. நான் எதையும் கீழிருந்து மேலாகப் படிக்கிறவன் என்று உனக்கே எழுதினேன். வேலை கிடைத்த அன்று நான் முதலில் படித்ததே அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான். உன் நாட்டின் பெயர் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் 'இன்னும் கேட்கவில்லை, கொஞ்சம் பொறு' என்று உனக்கு எழுதினேன்.

ஏன் என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம். வேறு கௌரவமான பெயர் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. அங்கே நீ இரண்டு வருஷமாக ஒற்றை ஆளாக வீடு பிடித்து, வண்டி ஓட்டப் பழகி, உனக்கென்று ஒரு வாழ்க்கையை நிலைநிறுத்தியிருக்கிறாய். அதற்குள் நான் வந்து, பேருந்தில் எந்தக் கதவு வழியாக ஏறவேண்டும் என்று உன்னைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். முன்பு வேலை இல்லை என்று ஒரு சாக்கு இருந்தது. வேலை கிடைத்ததும் சாக்கு போய்விட்டது. அதனால் இன்னொன்றைத் தயார் செய்துகொண்டேன். என் வேலையைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பத்தான் எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீ காத்துக்கொண்டிருந்தாய் என்பது தெரிந்தே இதைச் செய்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

என் மூன்று வரியை இப்போது சரியாக எழுதுகிறேன். நேற்று: தலைவியிடம் கேட்டேன், சம்மதம் வாங்கினேன். இன்று: இந்தக் கடிதத்தை அனுப்பப் போகிறேன். தடை: நான். இத்தனை நாளும் நான்தான்.

பயணச்சீட்டை இன்னும் எடுக்கவில்லை. இந்த முறை பயத்தினால் அல்ல. உன்னைக் கேட்காமல் வந்து வாசலில் நிற்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. 'எப்போ வர்றீங்க?' என்ற கேள்வி உன்னிடம் தீர்ந்துபோய்விட்டதா, கேட்டுக் கேட்டு அலுத்து உள்ளே வைத்துக்கொண்டாயா என்று போனில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எழுத்தில்தான் உன் முகத்தைப் பார்க்கமுடியும்.

அதனால் நீயும் எனக்கு மூன்று வரி எழுது. அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவது வரியில் நான் இருந்தால் மறைக்காதே, அப்படியே எழுது. தாங்கிக்கொள்கிறேன், வாலுவை மட்டுமாவது உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறேன். அப்படி இல்லையென்றால், இரண்டாவது வரியில் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் இடம் போடு.

நீ எந்த வரியில் எழுதினாலும் நன்றாயிரு.

இப்படிக்கு,
காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் உன் கடிதத்தைத் தேடுகிற,
உன் வீட்டுக்காரன்