அடைபட்ட வழி

செவ்வாய். நாள் முழுக்க மழை.

பிரபஞ்சம் பிறந்த கணத்தில் அதை ஊதிப் பெருக்கிய புலம்தான் இன்று இருண்ட ஆற்றலாகவும் அதை விரிக்கிறது என்று நம்பி, முனைவர் பட்டத்துக்காக இத்தனை வருடம் கணக்குப் போட்டேன். இன்று காலை அது உடைந்தது. இரண்டு வேலையும் செய்ய அந்தப் புலத்தின் மதிப்பு வெகுதூரம் நகர வேண்டும். குவாண்டம் ஈர்ப்பின் விதிகள் அவ்வளவு தூரம் போக இடம் கொடுக்கவில்லை.

குமுளி ஜீப் ஸ்டாண்டிலிருந்து மதியம் சாப்பிட வந்த கணவரிடம், அந்த வழியே அடைபட்டுப் போச்சு என்று சொல்லி அழுதேன். சோற்றுக் கையோடு கேட்டார்.

“இது ஆகாதுன்னு வேற யாருக்காச்சும் தெரியுமா?”

“தெரியாது. இப்ப நான்தான் கண்டுபிடிச்சேன்.”

“அப்ப மொத ஆளு நீதான? அதுக்கு எதுக்குப் புள்ள அழுற?”

அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டேன். ஆகாது என்பதும் ஒரு முடிவுதானே. பேராசிரியருக்கு எழுதினேன். அதையே ஆய்வேடாக்கச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஏலக்காய்க் கடை அக்கா என்னை நிறுத்தினார். “வானத்துல என்னமோ ரோட்ட அடைச்சுட்டியாமே? ஒன் வீட்டுக்காரரு ஸ்டாண்டு பூராவும் சொல்லிட்டுத் திரியிறாரு.”

ராத்திரி அவர் வந்ததும் திட்டலாம் என்று காத்திருந்தேன். வந்தார், சாப்பிட்டார், தூங்கிவிட்டார். போர்வையை இழுத்துவிட்டேன். நாளைக்குத்தான் திட்ட வேண்டும்.